ஐந்தாவது புதன்கிழமை

பூண்டு வாங்கும்போது அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக நின்றால் சரக்கு. அமுங்கினால் உள்ளே வெறும் காற்று. போன் திரையில் தெரிகிற பூண்டை எந்த விரலால் அழுத்துவது?

போன மாதம் நித்யா கூப்பிட்டபோது இதுதான் என் வாயில் வந்தது. அரூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண் பிள்ளைகள் விடுதியில் நான் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நித்யா. "அண்ணா, இனிமே சந்தைக்கே போக வேணாங்கறாங்க. போன்ல லிஸ்ட் போட்டா சேலத்துலேர்ந்து வண்டி வந்து எறக்கிட்டுப் போயிடுமாம். நல்லதா கெட்டதான்னு தெரியல. நீங்க ஸ்டெல்லா மேடம்கூட எப்படி வாங்கினீங்கன்னு ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன்" என்றாள்.

எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை. வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகியும் சந்தை நாளில் விடியும் முன்பே எழுந்து சட்டை மாட்டிக்கொள்கிறேன். வாங்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கொத்தமல்லிக் கட்டுகள் ஈரச் சாக்கிலிருந்து இறங்கும் அந்தப் பத்து நிமிடப் பச்சை வாசத்தை விட்டுவிட மனம் வருவதில்லை. கால்கள் நடக்கட்டும். கை எழுதட்டும்.

நான் இந்தத் தொழிலுக்குப் பழகிய கதை சின்னது. பத்தொன்பது வயதில் ஒரு மளிகை மண்டியில் தராசுத் தட்டுப் பிடிக்கச் சேர்ந்தேன். ஏழு வருடம் நிறுத்தேன். கடைசிப் பிடியை உயரத்திலிருந்து போட்டால் தட்டு சட்டென்று தாழும்; தாழ்ந்த கணத்தில் அள்ளிக் காகிதத்தில் கொட்டிவிட வேண்டும். மூட்டையைத் தொங்கு தராசில் ஏற்றும்போது முழங்காலை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதற்கும் ஒரு வித்தை உண்டு. எல்லாம் கற்றேன், எல்லாம் செய்தேன். பிறகு அதே கைகளோடு விடுதிக்கு வாங்குகிற பக்கம் வந்தேன். ஏமாற்றத் தெரிந்தவனை எவன் ஏமாற்றுவான் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. விலை குறைத்து வாங்குவதே கெட்டிக்காரத்தனம் என்று பன்னிரண்டு வருடம் நம்பினேன்.

பதிமூன்றாம் வருடம் ஸ்டெல்லா மேடம் வார்டனாக வந்தார்.

அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. என்னைவிடப் பத்து வயது இளையவர். பொம்மிடியில் ரயில்வே கேங்மேனின் மகள். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு சம்பளத்தை முப்பது நாள் நீட்டிய அம்மா அவருடைய பள்ளிக்கூடம். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். அவ்வளவுதான்.

வந்த மூன்றாம் நாள் ஸ்டோரைத் திறந்து காட்டச் சொன்னார். நான் பெருமையாகத் துவரம் பருப்பு மூட்டையைக் காட்டினேன். ஊர் விலைக்குக் கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவாக அடித்திருந்தேன்.

"எத்தனை தட்டுண்ணா?" என்றார்.

"அம்பது கிலோங்க மேடம்."

"கிலோ சாக்குல எழுதியிருக்கு. தட்டு எத்தனை?"

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு பருப்பை வாயில் போட்டுக் கடித்தார். பிறகு சமையற்கட்டுக்கு நடந்தார். தலைமைச் சமையல்காரி பச்சையம்மாவிடம் ஒரே அளவுள்ள இரண்டு சின்னப் பாத்திரம் கேட்டார். ஒன்றில் நான் வாங்கிய பருப்பு ஓர் ஆழாக்கு. இன்னொன்றில் அவர் கைப்பையிலிருந்து எடுத்த, வேறு கடைப் பருப்பு ஓர் ஆழாக்கு. இரண்டிலும் ஒரே டம்ளரால் அளந்த தண்ணீர். ஒரே அளவு தீ. முக்காலியை இழுத்துப்போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தைந்தாவது நிமிடம் அவருடைய பருப்பு மலர்ந்து, இதழ் விரித்து, பாத்திரத்தின் விளிம்பு வரை ஏறிவிட்டது. என் பருப்பு அடியில் கூழாங்கல் போலக் கிடந்து டக் டக் என்று முட்டிக்கொண்டிருந்தது. அது குழைய இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று. குழைந்த பிறகும் பாத்திரத்தில் பாதிதான் இருந்தது.

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சண்முகம் வாங்குன பருப்பு, சண்முகம் மாதிரியே. லேசுல எளகாதுங்க மேடம்."

"நாலு ரூபா கொறச்சு வாங்கி, அந்த நாலு ரூபாயக் கேஸ் அடுப்புல போட்டு எரிச்சுட்டோம்ணா" என்றார் மேடம். குரலில் குத்தல் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு படி விட்டுப்போனதைக் காட்டுகிறவர் போல இருந்தது.

அன்றிலிருந்து எந்த மூட்டையும் அந்தச் சோதனைச் சட்டிக்குத் தப்பவில்லை. கடைக்கு ஓர் ஆழாக்கு மாதிரி வாங்குவோம். ஒரே தண்ணீர், ஒரே தீ. எது சீக்கிரம் வேகிறது, எது அதிகம் பொங்குகிறது, ஆறிய பிறகு எது தண்ணீர் விட்டுப் பிரிகிறது என்று மூன்று கேள்விகள். அரிசியிலும் அப்படித்தான். ஒரு வருடம் பழகிய அரிசி கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட. ஆனால் புது அரிசி குழைந்து உட்கார்ந்துவிடும் இடத்தில் பழையது தனித்தனியாக நின்று தட்டை நிறைக்கும். தினமும் உலைக்குப் போகும் அரிசியில் இரண்டு படி மிச்சமாயிற்று. ஸ்டோர் கதவின் உள்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்போம்: பருப்பு, இத்தனை தட்டு. உளுந்து, இத்தனை இட்லி. விலை எழுதுவதே இல்லை. பன்னிரண்டு வருடம் விலையை மட்டும் எழுதிய என் கையெழுத்து அந்தக் கதவில் மெல்ல மங்கிப்போனது. நான் வருத்தப்படவில்லை.

சந்தைக்கு அவர் வருகிற அழகு தனி. பையை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். பை இருந்தால் கை வாங்கிவிடும் என்பார். முதல் சுற்று, சும்மா. கண்ணும் மூக்கும் மட்டும். எந்தக் காய் எந்தப் பக்கமெல்லாம் குவிந்திருக்கிறது, எந்தக் காயை ஒரே ஒருத்தி மட்டும் வைத்திருக்கிறாள் என்று பார்த்து வந்து, டீ குடித்து, டம்ளரை வைக்கும்போதுதான் அந்த வாரத்துக் குழம்பு என்னவென்று முடிவாகும். நாங்கள் என்ன சமைப்பது என்று எழுதிக்கொண்டு சந்தைக்குப் போன ஆட்கள். அவர் சந்தையைப் பார்த்துவிட்டு என்ன சமைப்பது என்று எழுதுகிறவர். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் தொண்ணூற்று மூன்று பிள்ளைகளின் வயிறு இருந்தது.

வெங்காயக் கடைக்காரம்மா தூரத்திலேயே குரல் கொடுப்பார். "வந்துட்டாங்கடி வெறுங்கை மேடம். ஏனுங்க மேடம், இன்னைக்காவது மொத ரவுண்டுலயே வாங்கப்புடாதா?"

"நீங்க சொல்ற வெலைய கேட்டா கையி பயந்து பின்னால ஒளிஞ்சுக்குதுங்கக்கா."

"சுத்திட்டு வாங்க, சுத்திட்டு வாங்க. நாங்க எங்க ஓடிறப் போறோம். வெங்காயம்தான் ஓடிரும்."

கீரையைக் கூட்டம் சேரும் முன்பே எடுத்துவிடுவார். வாடினால் பாதி போய்விடும். பூசணி, சுரைக்காய், பரங்கி எல்லாம் சாயங்காலம், கடை கட்டுகிற நேரத்தில். திருப்பி ஏற்றிப்போக வண்டிக்கூலி ஆகுமே என்று விற்கிறவர் யோசிக்கும் அந்த அரைமணி நேரம் அவருக்குத் தெரியும். ஆனால் அழுகிய பக்கத்தைத் திருப்பி வைத்து விற்கிற இடத்தில் எவ்வளவு குறைத்தாலும் நிற்க மாட்டார். "அழுகுனத வெட்டிப் போட்டா மிஞ்சுறதுக்குத்தான் நாம காசு குடுத்திருக்கோம்ணா. அந்த வெல நல்ல காயி வெலைய விடக் கூட."

இன்னொரு பழக்கம், அவர் தொடங்கியது. புளி. மாசி பங்குனியில் மரத்திலிருந்து இறங்கும் புதுப் புளியைக் கொட்டையோடு மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுவார். கொட்டை எடுத்த புளியின் விலையில் பாதிதான் வரும். ஆனால் கொட்டை எடுக்க ஆள்? மாதத்தின் முதல் ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் வரும் நாள். வத்தல்மலையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் அம்மாக்கள் வருவார்கள். வந்து, பிள்ளையைப் பார்த்து, பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்து, சிமென்ட் தரையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் மதிலோரம் நிற்பார்கள். மேடம் வராந்தாவில் பாய் விரித்து ஒரு மூட்டைப் புளியைக் கொட்டினார். சின்னச் சுத்தியல் நான்கு. கேட்கவேயில்லை, கூப்பிடவேயில்லை. அவரே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். கால்மணி நேரத்தில் பாய் நிறைந்துவிட்டது. கை வேலையில் இருந்ததும் வாய் திறந்துகொண்டது. மகள்களும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு மூட்டை. உதிர்ந்த கொட்டைகளைச் சாக்கில் கட்டி ஸ்டோர் மூலையில் வைக்கச் சொல்வார்.

"எலிக்குத் தீனிங்களா மேடம்?" என்று நான் முணுமுணுப்பேன்.

"கெடக்கட்டும்ணா. எடத்தையா கேக்குது?"

இப்படி ஏழெட்டு வருடம் போனது. எனக்கும் எல்லாம் கைவந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் தக்காளி வாங்கினேன்.

அது ஒரு பங்குனி. பாலக்கோட்டில் உறவுக்காரக் கல்யாணம். திரும்பும் வழியெல்லாம் தக்காளி. விலை இல்லாமல், பறிக்கிற கூலிகூட வராமல், பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டிக் கிடந்தது. சூரியனே உடைந்து சிந்தியது போலச் சிவப்பு. எனக்குள் பழைய மண்டிக்காரன் எழுந்து உட்கார்ந்தான். மச்சானின் குட்டியானை வண்டி காலியாகத் திரும்புகிறது. பன்னிரண்டு பெட்டி ஏற்றினேன். விடுதி வாசலில் இறக்கும்போது எனக்கு நடையே மாறிவிட்டது.

மேடம் வெளியே வந்து பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார்.

"எத்தனை தட்டுண்ணா?"

நான்கு நாளில் அழுகும் பொருள். நாலு நாளைக்கு எத்தனை தட்டுக்குத் தேவை? இரண்டு பெட்டி. "தொக்கு போட்டு வெச்சுக்கலாங்க மேடம்" என்றேன். அப்படிச் சொல்லும்போதே எனக்கு எண்ணெய் டின் கண்ணுக்கு வந்துவிட்டது. பத்துப் பெட்டித் தக்காளி சுருண்டு தொக்காக எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை சிலிண்டர்! தக்காளி சும்மா வந்தது. அதைக் கெடாமல் காப்பாற்றுவதுதான் விலை.

அவர் திட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகினார். "வெயிலு காசு கேக்காதுண்ணா. வாங்க மாடிக்கு."

நறுக்கி, உப்புத் தூவி, பழைய வேட்டிகளில் பரப்பினோம். பச்சையம்மா, நான், அவர். மூன்று நாள் மொட்டை மாடி முழுவதும் சிவப்பு. நான்காம் நாள் மத்தியானம், எங்கிருந்தோ, கோடை மழை. நாங்கள் ஓடி ஓடி அள்ளியும் பாதிக்கு மேல் பூசணம் பிடித்துவிட்டது. கடைசியில் தேறியது மூன்று தகர டின். டின்னை மூடும்போது பச்சையம்மா சொன்னார்: "பன்னெண்டு பெட்டி மூணு டின்னு. தம்பி, நீ கல்யாணத்துக்கே போவாம இருந்திருக்கலாம்."

அந்த வருடம் ஆனி முடியும்போது எல்லாம் தலைகீழானது. சாலையோரம் கொட்டிக் கிடந்த அதே தக்காளி, நகைக்கடைப் பொருள் போலக் கால்கிலோ, அரைக்கிலோவாக நிறுக்கப்பட்டது. பருப்பும் ஏறியது. எண்ணெயும் ஏறியது. பிள்ளைக்கு இவ்வளவு என்று மாதத்துக்கு வரும் தொகை மட்டும் ஏறவில்லை.

மாதக் கடைசியில் அறக்கட்டளைச் செயலர் சேலத்திலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, சுருக்கமான பேச்சு, கெட்டவர் அல்ல. "வெல எறங்கற வரைக்கும் புதன்கிழமை முட்டைய நிறுத்திருங்க. அதுதான் ஈஸி" என்றார்.

வாரத்துக்கு ஒரு முட்டை. புதன் ராத்திரிச் சாப்பாட்டில், அவித்து, முழுசாக. பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாரத்தில் அது ஒன்றுதான் முட்டை.

மேடம் எழுந்து நின்றுகொண்டுதான் பேசினார். "சார், குழம்புல தண்ணி ஊத்தலாம். ரசத்துல ஊத்தலாம். பொரியல்ல கரண்டியக் கவுத்துப் போடலாம். முட்டையில தண்ணி ஊத்த முடியாது. இந்தத் தட்டுல ஏமாத்த முடியாத ஒரே சாமான் அதுதான். அத எடுத்துட்டா மத்தது எல்லாத்தையும் பிள்ளைங்க சந்தேகப்படும்."

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு மாசம் குடுங்க சார். அதே தொகை. ஒரு ரூபா கூடக் கேக்க மாட்டேன். முட்டை நிக்காம ஓட்டிக் காட்டுறேன். முடியலன்னா நீங்க சொன்னபடி நிறுத்திடலாம்."

"ஒரு மாசம்" என்றார் அவர். "ஒரு புதன் தவறினாலும் முடிஞ்சுது. வருசக் கடைசி வரைக்கும் முட்டை கெடையாது."

நான் வாசல் வரை அவருடன் போய்த் திரும்பி வந்தேன். மேடம் ஏற்கெனவே காகிதம் எடுத்துவிட்டார். முதல் வரியில் முட்டை. தொண்ணூற்று மூன்று பிள்ளைகள், வாரம் ஒன்று. முட்டைக்காரரிடம் மாதத்துக்கும் சேர்த்து ஒரே விலை பேசி அதை முதலில் ஒதுக்கச் சொன்னார். மிஞ்சியதில்தான் மாதம். வாரக் கணக்குப் போட்டவன் நான். கையெழுத்துப் போட்டது அவர்.

முதல் ஞாயிறு வந்தது. புளிப் பாயில் மேடம் அம்மாக்களிடம் ஒளிக்காமல் சொன்னார். தக்காளி இல்லாமல் மாதம் ஓட்ட வேண்டும், என்ன செய்யலாம்? வத்தல்மலையிலிருந்து வந்திருந்த ராசம்மா, கௌசல்யாவின் தாய், சுத்தியலை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா மேடம் மொகம் வாடிப் போயி கெடக்குது? எங்க வூட்டுல தக்காளி வாங்கறதுக்குன்னு யாரு மலய விட்டு எறங்கறாங்க? புளிச்சக்கீர இருக்குது. கொள்ளு இருக்குது. களி கிண்ட ராயி இருக்குது. அதெல்லாம் ஒங்க கண்ணுக்குத் தெரியிலீங்களா?"

"புளிச்சக்கீரைய எப்படிக் கடையறீங்க? எண்ணெய் எவ்ளோ?"

"எண்ணெயா? தாளிக்க ஒரு சொட்டு. கீரயே புளிக்குது, அப்புறம் தக்காளி எதுக்கு, புளிதான் எதுக்கு? வரமொளகா, பூண்டு, வெங்காயம், மத்து. முடிஞ்சுது."

"சமையற்கட்டுக்கு வாங்க."

"நானுங்களா?" ராசம்மா சேலையில் கையைத் துடைத்தார். பக்கத்தில் கௌசல்யாவின் முகம் சிவந்தது. பன்னிரண்டாம் வகுப்பு. விடுதியிலேயே கூர்மையான நாக்கு அவளுடையது. அன்று அந்த நாக்கு அடங்கிப்போயிருந்தது. அம்மா உள்ளே போவதை அவள் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். அன்று மத்தியானம் கடைசல் இரண்டாம் முறை கேட்டு வரிசை நின்றது. வரிசையில் முதல் ஆள் கௌசல்யா. "எங்கம்மா செஞ்சது. தள்ளுங்கடி" என்றாள்.

கடைசல் எளிதில் போயிற்று. களிதான் கஷ்டம். கேழ்வரகு எங்கள் பக்கத்து மண்ணில் விளைவது. அரிசி, பருப்புக் குழம்பு இரண்டையும் வாரத்தில் ஒரு நாள் நிறுத்திக் களியும் கொள்ளுச் சாறும் போட்டால் பெரிய மிச்சம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் களி என்பது விட்டுவிட்டு வந்த வீடு. மேடம் அவர்களைக் கூட்டி உட்காரவைத்து, செயலர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். "செவ்வாய்க்கிழமை களி. இல்லன்னா புதன்கிழமை முட்டை இருக்காது. நீங்களே சொல்லுங்க."

சலசலப்பு. "ஊட்டுலயும் களி, ஆஸ்டல்லயும் களியா?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

கௌசல்யா எழுந்தாள். "களி போடுங்க மேடம். நாங்க திங்கறோம். ஆனா முட்டை புதன்னா புதன்தான். ஞாயித்துக்கெழமை சேத்துத் தர்றேன், அடுத்த வாரம் ரெண்டாத் தர்றேன், இந்தக் கத வேண்டாம்."

"எழுதிக் குடுக்கட்டுமா?" என்றார் மேடம்.

"வேணாம். நீங்க சொன்னாப் போதும்."

"புதன்னா புதன்தான்."

அந்த மாதம் நான் நடந்த நடை எனக்கு மட்டும் தெரியும். சந்தையில் மூன்று சுற்று, நான்கு சுற்று. மேடத்தின் சோதனைச் சட்டியில் பருப்புக்குப் பதில் காராமணி, மொச்சை, தட்டைப்பயறு என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. புதன் குழம்புக்கு மட்டும் அந்த மூன்று டின்னிலிருந்து கைப்பிடி உலர்ந்த தக்காளி ஊறவைத்து அரைத்துச் சேர்த்தோம். நான் வெட்கப்பட்ட பொருள் வாரத்துக்கு ஒரு முறை வெட்கம் இல்லாமல் மணத்தது. ஒரு புதன். இரண்டு. மூன்று. நான்கு. நாலாவது புதன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சையம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஜெயித்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை ஸ்டோரில் நாட்காட்டித் தாள் கிழித்தேன். மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று மேலே அச்சடித்திருந்த கட்டத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்று. அதன் மேலே: புதன்.

அந்த மாதத்தில் ஐந்து புதன்.

மாதம் என்றால் நாலு வாரம். மண்டியில் வாரக் கூலி வாங்கியவனுக்கு மாதம் என்றால் எப்போதும் நாலு வாரம்தான். அந்தப் பழக்கத்தில் எழுதிய கணக்கு. அரிசி, மளிகைக்கு முப்பத்தோரு நாள் பார்த்தேன். முட்டைக்கு மட்டும் நாலு என்று எழுதிவிட்டேன். கையில் ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைகளிடம் கொடுத்த சொல், செயலரிடம் வாங்கிய கெடு, இரண்டும் அந்த ஒரு கட்டத்துக்குள் கிடந்தன.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பேனா மூடி கழன்றது. மாட்டியது. கழன்றது.

"நீங்க மட்டும் எழுதலண்ணா. நானும் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். நம்ம ரெண்டு பேரு கண்ணுக்கும் அஞ்சாவது புதன் தெரியல." பிறகு, "மூணு நாள் இருக்கு. யோசிங்க" என்றார்.

"என் காசுல வாங்கிப் போட்டுடறேன் மேடம். தப்பு என்னுது."

"கூடாது. நீங்க போட்டா, ஓட்டிக் காட்டுறேன்னு நான் சொன்னது பொய். அடுத்த மாசமும் அதே தொகைதான் வரும். அப்ப யாரு போடுவா?"

பச்சையம்மா சொன்னார்: "ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி, குழம்புல போட்டுட்டாத் தெரியாதுங்க மேடம்."

"முழுசுக்கா" என்றார் மேடம். "முழுசுதான்."

ஞாயிறும் திங்களும் ஸ்டோரைக் கவிழ்த்துப் போட்டேன். எதைக் குறைத்தாலும் எந்தத் தட்டிலாவது குழி விழுந்தது. செவ்வாய் காலை, களிக்கு மாவு எடுக்க மூலைக்குப் போனவன் எதிலோ தடுக்கி விழுந்தேன். சாக்கின் வாய் பிரிந்து பழுப்பும் பளபளப்புமாகத் தரையெல்லாம் உருண்டது. புளியங்கொட்டை.

தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். இரண்டு சாக்கு நிறைய. மண்டியில் இருந்த காலத்தில் எத்தனை மூட்டை புளியங்கொட்டை கைமாறியதைப் பார்த்தவன் நான்! மாவு மில்லுக்குப் போகும் பொருள். தினமும் இதைத் தாண்டித் தாண்டித்தான் போனேன். எலிக்குத் தீனி என்றவனும் நான்தான்.

கொட்டை வாங்கும் வியாபாரி மொபெட்டில் வந்தார். தொங்கு தராசில் சாக்கை ஏற்றியபோது அவருடைய முழங்கால் மெதுவாகச் சாக்கின் அடிக்குப் போனது. அந்த முழங்காலை நான் அறிவேன். ஏழு வருடம் அது என்னுடைய முழங்கால்.

"காலு கொஞ்சம் வெளிய வரட்டும்ங்க."

"என்னாங்க?"

"நானும் மண்டியில தட்டுப் புடிச்சவன்தானுங்க."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு அடி பின்னால் நகர்ந்து, வாய் விட்டுச் சிரித்து, "அப்ப நீங்களே நிறுத்துக்குங்க சாமி" என்றார். நிறுத்தேன். நேராக. வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் எதையும் நிறுத்ததில்லை. வந்த பணத்தோடு முட்டைக்காரரிடம் போனேன். மூன்று அட்டை, அதற்கு மேல் தனியாக மூன்று. தொண்ணூற்று மூன்று. அதற்கு மேல் ஒன்று கேட்டிருந்தால் பாக்கெட்டில் இல்லை.

புதன் சாயங்காலம் ஆறரை மணிக்குச் செயலரின் கார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளையாக, உருண்டையாக, முழுசாக ஒன்று. அவர் மெல்ல வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசிப் பலகையில் உட்கார்ந்தார். பச்சையம்மா தட்டு வைத்தார். சோறு, புளிச்சக்கீரைக் கடைசல், கொள்ளு ரசம்.

தட்டில் முட்டை இல்லை.

கௌசல்யாதான் முதலில் கவனித்தாள். "மேடம், சாருக்கு முட்டை வெக்கல."

மேடம் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "சார், மன்னிக்கணும். முட்டை பிள்ளைங்களுக்கு எண்ணி வாங்கினது. உங்களுக்குன்னு ஒன்னு இல்லீங்க. கடைசல் வேணுங்கற அளவு இருக்கு."

நான் கதவோரம் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். செயலர் தட்டைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். சோற்றில் கடைசலைப் பிசைந்தார். இரண்டாவது கவளத்தில் நிமிர்ந்து, "இது என்ன கீரைம்மா?" என்றார். நான்கைந்து பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். மறுபடி கடைசல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது மேடம் ஐந்தாவது புதன் விட்டுப்போனதையும், அம்மாக்கள் தட்டிய கொட்டையில் அது வந்ததையும் அப்படியே சொல்லிவிட்டார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் அவர்.

காரில் ஏறப்போனவர் நின்றார். "அடுத்த மாசம் எத்தனை புதன்?"

"நாலு சார்" என்றேன் நான், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

"அப்ப நாலு முட்டை." கதவு மூடியது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது, முட்டை நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு புளிப் பாயில் மேடம் அம்மாக்களிடம் சொன்னார்: "போன மாசக் கடைசி முட்டை உங்க கையில வந்ததுங்க." ராசம்மா சுத்தியலை ஓங்கியபடியே, "அப்ப கோழிக்குப் பதிலா நாங்கதான் இட்டமா?" என்றார். வராந்தாவே அதிர்ந்தது.

நித்யா, போனில் ஆர்டர் போடு, தப்பில்லை. வண்டி வந்ததும் ஓர் ஆழாக்கு எடுத்து அடுப்பில் வை. எத்தனை தட்டு என்று கேள். ஸ்டெல்லா மேடம் இப்போது வேறு ஊரில், வேறு விடுதியில். அங்கேயும் பேனா மூடி கழன்று மாட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வீட்டில் சமைக்க இரண்டே தட்டு. ஆனால் புது வருட நாட்காட்டி கைக்கு வந்தால் பண்டிகை பார்ப்பதில்லை, நல்ல நாள் பார்ப்பதில்லை. பென்சிலை எடுத்து, பன்னிரண்டு மாதத்தையும் புரட்டி, எந்தெந்த மாதத்தில் ஐந்து புதன் என்று வட்டம் போட்டு வைத்துவிட்டுத்தான் அதை ஆணியில் மாட்டுகிறேன்.